ஏழு சக்கரத்துக்கு ஒரு கன்யாகுமரி

ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டுக்காரருக்கு வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. போன மாசம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சுக் காட்டினார். உள்ளே ஒரு பாஸ்கட்பால் கார்டு. சின்ன வயசுல மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து கொடுத்ததெல்லாம் வீடு மாறினப்போ தொலைஞ்சு போச்சாம். இப்போ அதையே ஒண்ணொண்ணா காசு கொடுத்து வாங்குறாராம்.

அந்த உலகமே தனி. 1986-ல ப்ளீர் கம்பெனி போட்ட செட்ல மொத்தம் 132 கார்டு. அதுல 57-ஆம் நம்பர் மைக்கேல் ஜோர்டான். மூலை மழுங்காம, அச்சு நகராம, பத்துக்குப் பத்து மார்க் வாங்கின ஒரு ஜோர்டான் கார்டு 2021 ஜனவரியில 7,38,000 டாலருக்குப் போச்சு. பபிள்கம் பாக்கெட்டுக்கு வாங்கின அட்டை!

"நீங்க எதுவும் சேர்த்ததில்லையா?"ன்னு கேட்டார். "ஸ்டாம்ப் சேர்த்தேன் சார்"னு சொன்னேன். சொன்னதோட விட்டிருக்கலாம். அன்னிக்கு ராத்திரி முழுக்க தூக்கம் வரலை. ஏன்னு சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும் :-)

எங்க ஊர் மயிலாடி. நாகர்கோவில் பக்கம் வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெருவுக்குத் தெரு உளிச்சத்தம் கேட்கும். எங்க பாட்டாவோட அப்பாவும் கல்வேலைக்காரர்தான். அவருக்கு வந்த கடுதாசிகளை ஒரு கட்டாக் கட்டி பரண்ல போட்டிருந்தாங்க. நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது அது என் கையில மாட்டிச்சு.

பிரிச்சா எல்லாம் வித்தியாசமான ஸ்டாம்ப். காந்தியும் இல்லை, நேருவும் இல்லை. நாணய மதிப்பே வேற, சக்கரம், காசு. அதுல ஒண்ணு வெளிர் நீலம், கன்யாகுமரி படம், ஏழு சக்கரம். நம்ம ஊர் கடற்கரை ஸ்டாம்ப்ல! எனக்கு அப்போ தலைகால் புரியலை.

அதோட கதை இப்போதான் எனக்கு முழுசாத் தெரியும். நாங்க 1956 நவம்பர் 1 வரைக்கும் தமிழ்நாட்டுல இல்லை. அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர், 1949-லிருந்து திரு-கொச்சி. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமா ஒரு தபால் துறை இருந்தது, பேரு 'அஞ்சல்'. ஆரம்ப காலத்துல சலங்கை கட்டின கோலோட ஆள் ஓடித்தான் பை கொண்டு போவாங்க. 1888-ல முதல் ஸ்டாம்ப் போட்டாங்க. ராஜா தலை கிடையாது, சங்குதான். ஒண்ணு, ரெண்டு, நாலு சக்கரம்னு மூணு ஸ்டாம்ப். அடுத்த வருஷத்திலிருந்து தாளுக்குள்ளேயே சங்கை நீரெழுத்தா வச்சாங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தெரியும்.

இதுல ஒரு வேடிக்கை. அஞ்சல் ஸ்டாம்ப் சமஸ்தானத்துக்கு வெளியே செல்லாது. ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிக்குக் கடுதாசி போகணும்னா வெள்ளைக்காரன் தபால்ல போடணும். ஒரே நாட்டுல ரெண்டு தபால்.

என் கன்யாகுமரி ஸ்டாம்ப் 1939-ல வந்தது, சித்திரைத் திருநாள் மகாராஜாவோட 27-ஆம் பிறந்தநாளுக்கு. அதே வரிசையில 14 சக்கரத்துக்குப் பேச்சிப்பாறை அணை. மிஞ்சின்னு ஒரு இன்ஜினியர் மேற்பார்வையில 1906-ல கட்டி முடிச்சது. நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தான்.

அதென்ன ஏழு, பதினாலு? அஞ்சு, பத்துன்னு வைக்கக் கூடாதான்னு சின்ன வயசுல குழம்பியிருக்கேன். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்போ ஏழு சக்கரம் கால் ரூபாய், பதினாலு அரை ரூபாய். கணக்கு சரியாப் போச்சா? 1949-ல கொச்சியோட சேர்ந்ததும் சக்கரத்துக்கு வேலை இல்லை. பழைய ஸ்டாம்ப் மேலேயே அணாக் கணக்கை அச்சடிச்சு வித்தாங்க. கன்யாகுமரி மூணணா ஆச்சு, பேச்சிப்பாறை ஆறணா. இந்த அச்சு தலைகீழா விழுந்த ஸ்டாம்ப்களுக்கு இன்னிக்கும் கிராக்கி. 1951-ல அஞ்சல் துறையே இந்தியத் தபாலோட கரைஞ்சு போச்சு.

இனிமேதான் தூக்கம் போன கதை.

ஸ்டாம்ப்பை எப்படி எடுக்கணும்னு புத்தகத்துல படிச்சிருந்தேன். கவரோட மூலையை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் போட்டா தானா கழண்டு வரும். ஒரு கோடை லீவு முழுக்க அதே வேலை. சுமார் நாற்பது ஸ்டாம்ப் தேறிச்சு. மூலை போன கவரும் கடுதாசியும் ஆச்சி வெந்நீர் போட அடுப்புக்குப் போச்சு. நானேதான் கொண்டு போய்க் கொடுத்தேன்.

பக்கத்து சீட்டுக்காரருக்காக அந்த ஆல்பத்தை ஊர்லேருந்து வரவழைச்சு, விலை விசாரிச்சுப் பார்த்தேன். தனி ஸ்டாம்ப்புக்குப் பெரிய மதிப்பு இல்லை. கவரோட இருந்தாத்தான் மதிப்பாம். விலையை விடுங்க. கவர்ல எந்த ஊர் முத்திரை, என்னிக்குப் போட்டாங்க, பின்பக்கம் எந்த ஆபீஸ் வழியா வந்தது, எல்லாம் இருந்திருக்கும். ஏழு சக்கரம் ஒட்டியிருந்ததுன்னா கனமான கவர், ஒருவேளை ரிஜிஸ்டர். யார் அனுப்பினாங்க? எந்தக் கோயிலுக்கு என்ன சிலை கேட்டிருந்தாங்க? என் பூட்டனார் செதுக்கின ஒரு சிலை கூட இன்னிக்கு எங்க இருக்குன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழியை நான்தான் வெந்நீருக்கு எரிச்சேன். கார்டு மூலை மழுங்கினதுக்கு அவர் அப்படி வருத்தப்படறார், நான் மூலையை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தொலைச்சிருக்கேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பரணை அலசினேன். "என்னத்துக்குடே இப்பம் அந்தக் குப்பையைக் கிளறுக?"ன்னு ஆச்சி கேட்டா. காரணத்தைச் சொல்ல வாய் வரலை. கடைசியில டிரங்குப் பெட்டிக்கு அடியில ஒரே ஒரு அஞ்சல் கார்டு கிடைச்சது. சங்கு கார்டுலேயே அச்சடிச்சிருந்தது. ஊற வச்சா கழண்டு வராது, அதனால அன்னிக்கு வேண்டாம்னு தூக்கிப் போட்டிருக்கேன்! அந்த ஒரு காரணத்தால தப்பிச்சிருக்கு.

தேதி கொல்லம் ஆண்டு 1121, தை மாசம். அதாவது 1946. நந்தி வேலை எந்த மட்டுக்கு இருக்கு, கொடியேத்தத்துக்கு முன்னாடி தரணும், மீதிக் கூலி கையில தயார்னு நாலே வரி. எந்தக் கோயில்னு எழுதலை. எழுதினவருக்கும் பூட்டனாருக்கும் தெரிஞ்ச விஷயம், எதுக்கு எழுதணும்? முத்திரையில ஊர்ப் பேர்ல பாதி எழுத்து மட்டும் தெரியுது.

அந்தப் பாதி எழுத்தை வச்சுக்கிட்டு இப்போ லீவு கிடைக்கிறப்பல்லாம் ஒவ்வொரு கோயிலாப் போயி நந்தியைப் பார்த்துட்டு வரேன். இதுவரைக்கும் அஞ்சு கோயில் ஆச்சு.

உங்க வீட்டுப் பரண்ல பழைய கடுதாசிக்கட்டு இருந்தா தயவுசெஞ்சு கத்தரிக்கோலை எடுத்துடாதீங்க. பசங்க கையில கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க.