சிங்கப்பூர்ச் சீனரும் சட்டசபையும்

ஓர் ஊரில் பெரும்பான்மையோராய் வாழும் மக்களுக்காகச் சட்டசபையில் ஓர் ஆசனம் உண்டு. ஆனால் அதில் அமர்பவரைத் தெரிந்தெடுப்போர் அம்மக்கள் அல்லர், ஆள்வோரே. இதனைப் பிரதிநிதித்துவம் எனலாமா? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்குச் சிங்கப்பூரின் வரலாற்றில் விடை தேட விழைகிறேன்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக்கப்பட்டன. இந்திய அரசாங்கத்தின் கீழிருந்த அவை, 1867இல் லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. அப்போது கவர்னரின் தலைமையில் சட்டசபையும் அமைந்தது. 1869இல் ஹூ ஆ கே என்னும் வணிகர் அச்சபையின் முதல் சீன உறுப்பினராக நியமனம் பெற்றார். கான்டன் நகரை அடுத்த வாம்போவா அவர் பிறந்த ஊர். அதனால் அவரையே வாம்போவா என்று மக்கள் அழைத்தனர். அவருக்குப் பின் சியா லியாங் சியா, டான் ஜியாக் கிம், 1895இல் மருத்துவர் லிம் பூன் கெங் ஆகியோர் வந்தனர். செல்வமோ கல்வியோ மிக்க இவர்கள் ஆங்கிலம் கற்றவர்கள்.

இவர்கள் வெறும் அலங்காரப் பொம்மைகள் என்று நான் கூறேன். 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தோன்றியதற்கு டான் ஜியாக் கிம் திரட்டிய நிதியே பெருந்துணை. எனினும், சபையில் அரசாங்க அதிகாரிகளே மிகுதியினர். உறுப்பினர் வேண்டலாம், வெல்ல இயலாது. கப்பலில் வந்திறங்கிய கூலியாட்களோ அச்சபையை அறியார். 1877இல் பிக்கரிங் என்பவரின் கீழ் நிறுவப்பட்ட சீனர் பாதுகாப்பு அலுவலகமே அவர்கள் கண்ட அரசாங்கம்.

1924இல் சபை விரிந்தது. அதிகாரிகள் 13 பேர், ஏனையோர் 13 பேர் என்றாயிற்று. ஆயினும் தேர்தல் உரிமை ஐரோப்பியரின் இரு வர்த்தக சங்கங்களுக்கே கிட்டியது. சீனர் மூவரும் நியமனம் பெற்றவர்களே. அவ்வாறு வந்த டான் செங் லாக், 1926இல் அச்சபையிலேயே எழுந்து, ஒன்றுபட்ட தன்னாட்சி மலாயா வேண்டுமென முழங்கினார். ஆள்வோர் அளித்த ஆசனத்தில் இருந்தவாறே அவர்களின் அதிகாரத்தைக் கேட்ட துணிவு இது!

1948இல் சிங்கப்பூரில் முதல் தேர்தல் நடைபெற்றது. மக்கள் தேர்ந்த உறுப்பினர் ஆறு பேரே. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே வாக்குரிமை இருந்தமையால், சீனாவில் பிறந்து இங்கே உழைத்து முதிர்ந்தோர் வெளியே நின்றனர். 1955இல் வாக்காளர் தாமாகவே பட்டியலில் சேர்க்கப்பட்டதால், அவர்தம் தொகை மூன்று லட்சத்தைக் கடந்தது. 1957இன் குடியுரிமைச் சட்டம் சீனாவில் பிறந்தோர்க்கும் வழி திறந்தது. 1959இல் உள்நாட்டுத் தன்னாட்சி மலர்ந்தது.

இதனிடையே, 1956இல் ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் சபையில் பேசலாமெனத் தீர்மானம் நிறைவேறியது. தமிழராகிய நமக்கும் இது மகிழ்வு தரும் செய்தியன்றோ!

நம் இனத்தார் ஒருவர் சபையில் இருப்பதனால் மட்டும் நாம் அங்கே இருப்பதாகாது. அவரைத் தேர்வதும், தவறின் விலக்குவதும் நம் கையில் இருத்தல் வேண்டும். நம் மொழியில் அவர் பேசவும் வேண்டும். வாம்போவாவின் நியமனத்திலிருந்து இவை கைகூட ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. வாக்குச்சீட்டை எளிதெனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.