நந்தனார் கல்விக் கழகம்

நெய்வேலி நகரியத்து மாணவர் சிலர், "எளிய பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளி வைத்த செல்வர் எவரேனும் நம் மாவட்டத்தில் உண்டா?" என்று என்னை வினவினர். செல்வமில்லாத ஒருவரைப் பற்றியே நான் சொல்ல வேண்டியதாயிற்று.

சுவாமி சகஜானந்தர் 1890-இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் ஆதிதிராவிடக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிழைப்பை நாடிக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குச் சென்ற குடும்பம் அது. சுரங்கத்தால் வாழும் நகரின் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளை அடைந்து துறவியானவர், சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார்.

பள்ளி மட்டும் போதாதோ எனலாம். போதாது. அந்நாளில் சேரிச் சிறுவன் விடிந்தால் பண்ணை மாடுகளின் பின்னே போக வேண்டியவன். இரவில் படிக்கக் குடிசையில் விளக்கில்லை. ஊர்ப் பள்ளியில் அவனை உடன் அமர்த்த மனமில்லை. எழுத்துக்கு முன்னே சோறும் உறைவிடமும் அவனுக்கு வேண்டியிருந்தன. கோயில் வாயிலுக்கு வெளியே நின்றவராகக் கதை கூறும் நந்தனாரின் பெயரை, அக்கோயில் உள்ள ஊரிலேயே பள்ளிக்குச் சூட்டியது துணிவான செயலென்பது என் எண்ணம்.

1926-இல் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்ற அவர், 1959 மே 1 அன்று மறைந்தபோதும் சிதம்பரத்தின் சட்டமன்ற உறுப்பினரே. நந்தனார் பெயரால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப்பள்ளிகள் அங்கே இன்றும் நடைபெறுகின்றன.

நான் பேசி முடித்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன், தன் பாட்டனார் அவ்விடுதியில் உண்டு உறங்கிப் படித்தவர் என்று தணிந்த குரலிற் கூறினான். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.