மன்னார்க் கடற்கன்னியும் கடற்பசுவும்

கட்டுக்கதை எனத் தள்ளப்படுவனவற்றுள்ளும் வரலாற்று மாணவன் உற்றுநோக்குதற்குரியன சில உள. மன்னார்க் கடலிற் கடற்கன்னியர் அகப்பட்டனர் என்னுஞ் செய்தி அத்தகையது.

1560 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, ஈற்றில் மன்னார்த் தீவிற் கோட்டை கொண்டனர். அவ்வாண்டிலேயே மன்னாரையடுத்த கடலில், ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மாந்தர் மீனவர் கையில் அகப்பட்டனர் என்றும், கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதியின் மருத்துவர் போஸ்க்குவெஸ் என்பார் அவர்களை அறுத்து ஆராய்ந்து, உள்ளுறுப்புக்கள் மனிதருடையவற்றை ஒத்தன எனக் கண்டார் என்றும் இயேசு சபை வரலாறு கூறும். 1861 இல் வெளியான தம் நூலில் இதனை எடுத்துக்காட்டிய சேர் எமேர்சன் தெனன்ற், கதைக்கு மூலம் கடற்பசுவே எனக் கருதினார். 1847 இல் மன்னாரிற் கொல்லப்பட்டு அவருக்கு அனுப்பப்பட்ட கடற்பசு ஏழடிக்கு மேற்பட்ட நீளமுடையது.

இம்மயக்கம் மன்னாருக்கு மட்டும் உரியதன்று. 1493 இல் அமெரிக்கத் தீவொன்றின் அருகே மூன்று கடற்கன்னியரைக் கண்ட கொலம்பசு, அவர் ஓவியத்திற் காண்பதுபோல் அழகியரல்லர் என்றார். அவர் கண்டவை கடற்பசுவின் இனமான மனாட்டி என்பர் அறிஞர்.

மருத்துவர் கூற்று முற்றும் பொய்யன்று. கடற்பசு மீனன்று, நுரையீரலால் மூச்சுவிடுவது, முன்துடுப்பின் அடியிலமைந்த முலையாற் கன்றுக்குப் பாலூட்டுவது. கண்டது உண்மை, அதற்கிட்ட பெயரே பிழை. வந்தவர் தம் நாட்டுக் கதையிலிருந்து பெயரெடுத்தனர். தமிழ் மீனவரோ, கடலடியிற் புல் மேய்வதைக் கண்டு கடற்பசு என்றனர். ஆவுளியா என்றும் வழங்குவர். முன்னது கேள்வியாற் பிறந்த பெயர். பின்னது தொழிலாற் பிறந்த அறிவு. ஆயினும் தெனன்ற் தரும் அச்செய்தியில் மருத்துவர் பெயருண்டு. பிடித்த மீனவர் சொன்ன சொல் ஒன்றேனும் இல்லை.

இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டும் வலையிற் சிக்கியும் கடற்பசு அருகிவிட்டது. ஓரீற்றுக்கு ஒரு கன்றே ஈனும் அவ்வினம் விரைந்து பெருகுவதன்று. இலங்கையில் அதனைக் கொல்வதைச் சட்டம் தடுக்கின்றது. தமிழ்நாட்டரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை அதற்கெனப் பாதுகாத்தது. விலங்கைச் சட்டம் காக்கலாம். அதனைக் கண்ட முதியோரின் சொல்லைக் காப்பது யாருடைய கடன்? கரையோர மாணவர் தத்தம் பாட்டன்மாரிடம் கேட்டு எழுதிவைப்பாராக. 1560 இல் எழுதாது விடப்பட்ட பக்கம் இனியும் வெறுமையாய்க் கிடத்தல் தகாது.