பிளாரன்ஸ் நகரமும் பழவேற்காட்டுக் கரையும்
குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய மறுமலர்ச்சி

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் பயணப் பேச்சு எழுவது இயல்பு. முன்னர் அது நாகூர், ஏர்வாடி என்று தொடங்கி உறவினர் வீடுகளோடு முடிந்துவிடும். பின்னர் துபாயும் சிங்கப்பூரும் வந்து சேர்ந்தன. இப்போது புதுவாயல், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் நற்பணியில் அமர்ந்திருக்கும் நம் இளைஞர் சிலர் இத்தாலியைப் பற்றிப் பேசுகின்றனர். பிளாரன்ஸ், ரோம், வெனிஸ் ஆகிய நகரங்களின் மறுமலர்ச்சிக் கால ஓவியங்களையும் கட்டடங்களையும் குழந்தைகளுக்கென்றே அமர்த்தப்பட்ட வழிகாட்டிகள் விளக்கிக் காட்டும் குடும்பச் சுற்றுலாக்கள் இன்று உண்டு. ஓவியத்தில் மறைந்திருக்கும் பொருளைத் தேடச் சொல்லியும், சிற்பியின் கதையைச் சொல்லியும் சிறாரின் ஆர்வத்தைத் தூண்டும் நல்ல முறை அது.

அத்தகைய பயணத்திற்கு ஆயத்தமான நம் குடும்பத்தார் ஒருவரின் வீட்டில் நாம் அமர்ந்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பயிலும் அவருடைய மகன் ஒரு வினாவை எழுப்பினான். "பெரியத்தா, துருக்கியர் 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், அங்கிருந்த அறிஞர்கள் ஏடுகளைத் தூக்கிக்கொண்டு இத்தாலிக்கு ஓடினார்கள், அதனால்தான் மறுமலர்ச்சி வந்தது என்று படித்தேன். அப்படியென்றால் அந்தக் கதையில் நாம் துரத்தியவர்கள் மட்டும்தானா?"

அவ்வினா நம்மை உறங்கவிடவில்லை. ஒரு சிறுவன் உலக வரலாற்றின் பேரரங்கில் நுழைகிறான்; அங்கே தன் முன்னோருக்கு வாளேந்திய ஒரே ஒரு வேடமே தரப்பட்டிருப்பதைக் காண்கிறான். இந்த எண்ணத்தோடு அவன் பிளாரன்ஸ் சென்றால், அங்குள்ள அழகு அனைத்தும் அவனுக்கு அயலார் சொத்தாகவே தோன்றும். அவனுக்குரிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஆண்டுகள் சொல்லும் உண்மை

முதலில் காலவரிசையைப் பார்ப்போம். கிரேக்க மொழியைக் கற்பிக்க மனுவேல் கிறிசொலோராஸ் என்னும் அறிஞர் பிளாரன்ஸுக்கு அழைக்கப்பட்டு, 1397இல் அங்கே பாடம் தொடங்கிவிட்டார். புருனெலெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் பிளாரன்ஸ் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார். அல்பெர்ட்டி ஓவியக்கலை பற்றிய தம் நூலை 1435இல் எழுதினார். இவை யாவும் கான்ஸ்டான்டிநோபிளின் வீழ்ச்சிக்கு முற்பட்டவை. ஆகவே 1453ஐ மறுமலர்ச்சியின் பிறந்த நாளாகக் கொள்வது பொருந்தாது. அந்த ஆண்டுக்குப் பின்னும் கிரேக்க அறிஞர் பலர் இத்தாலிக்குச் சென்றது உண்மையே. ஆயினும் முன்பே ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் வந்து கலந்த கிளையாறு அது, ஊற்றுக்கண் அன்று.

அந்நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் முஹம்மதையும் வாளோடு மட்டும் நினைப்பது நீதியாகாது. அவர் விரும்பிக் கேட்டதன் பேரில் வெனிஸ் அரசு 1479இல் ஜென்டீலே பெல்லினி என்னும் ஓவியரை இஸ்தான்புல்லுக்கு அனுப்பியது. அவர் 1480இல் தீட்டியதாகக் கொள்ளப்படும் சுல்தானின் உருவப்படம் இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் உடைமை. சுல்தானின் மகன் இரண்டாம் பாயஸீதுக்கு, பொற்கொம்புக் கழிமுகத்தின் குறுக்கே ஒரே வளைவில் பாலம் அமைத்துத் தருவதாக லியொனார்தோ தாவின்சி 1502இல் திட்டம் தீட்டினார். பாலம் கட்டப்படவில்லை; அதன் வரைபடம் அவருடைய குறிப்பேட்டில் எஞ்சியிருக்கிறது.

இனி, பிளாரன்ஸில் நம் குழந்தை எதைத் தேட வேண்டும் என்பதைக் காண்போம். உஃபீசி ஓவியக் கூடத்தில் ஜென்டீலே தா ஃபாப்ரியானோ 1423இல் தீட்டிய ஞானியர் வருகை ஓவியம் இருக்கிறது. அதில் தூயோரின் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தில் அரபு எழுத்தைப் போன்ற கோலங்கள் ஓடுகின்றன. அவற்றில் பொருளுள்ள வாசகம் எதையும் தேட வேண்டா. எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த பட்டாடைகளிலும் பித்தளைக் கலங்களிலும் கண்ட எழுத்தழகில் ஓர் இத்தாலிய ஓவியர் மயங்கியதன் சான்று அவை. வத்திக்கானில் ரஃபேல் 1509க்கும் 1511க்கும் இடையே தீட்டிய 'ஏதென்சின் கலைக்கூடம்' ஓவியத்தில் கிரேக்க ஞானியரிடையே தலைப்பாகை அணிந்த ஒருவர் குனிந்து நோக்குகிறார். அவரைக் குர்துபாவின் பேரறிஞர் இப்னு ருஷ்து என்றே ஆய்வாளர் பொதுவாகக் கொள்வர்.

பிளாரன்ஸ் ஞானஸ்நானக் கூடத்தின் பொற்கதவுகளை வார்த்த கிபெர்ட்டி, தம் குறிப்புகளில் பார்வை பற்றிய பகுதிக்கு இப்னுல் ஹைதமின் 'கிதாபுல் மனாழிர்' நூலின் மொழிபெயர்ப்பைப் பெரிதும் சார்ந்திருந்தார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒளியின் இயல்பை ஆராய்ந்த அறிஞர் அவர். அந்த மெடிசிக் குடும்பத்தின் கர்தினால் ஃபெர்டினான்டோ 1584இல் ரோமில் நிறுவிய அச்சகம், இப்னு சீனாவின் 'அல் கானூன்' மருத்துவ நூலை 1593இல் அரபு மூலத்திலேயே அச்சிட்டது.

இங்கே நமக்கு நாமே ஓர் எச்சரிக்கை சொல்லிக்கொள்ள வேண்டும். இவற்றைக் கேட்டவுடன் "எல்லாம் நம்மிடமிருந்து எடுத்தவையே" என்று மார்தட்டுவது நம்மிடையே பரவியுள்ள ஒரு பழக்கம். அது உண்மையுமன்று, அறிவுக்கு அழகுமன்று. இப்னுல் ஹைதம் கண் எவ்வாறு காண்கிறது என்பதை ஆராய்ந்தார். அந்த அறிவுக்கும் வடிவியலுக்கும் ஓவியப் பலகையில் இடம் கொடுத்து, தொலைவையும் அண்மையையும் அளவோடு தீட்டும் முறையை வகுத்தவர்கள் புருனெலெஸ்கியும் அல்பெர்ட்டியும்தாம். கிரேக்கரிடம் பெற்றதை நம் முன்னோர் வளர்த்தனர். அவர்களிடம் பெற்றதை இத்தாலியர் வேறொரு திசையில் வளர்த்தனர். இதில் கொடுத்தவருக்கும் பெருமை உண்டு. கொண்டு வளர்த்தவருக்கும் பெருமை உண்டு.

அண்மையில் ஒரு கரை

பிளாரன்ஸ் செல்ல இயலாத குடும்பங்களே மிகப் பல. அவர்களின் குழந்தைகளுக்கு இந்த வரலாற்றில் வழியில்லையா? புதுவாயலிலிருந்து கிழக்கே, பொன்னேரி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய பழவேற்காடு அதற்கு விடை சொல்லும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் சரக்குந்துகளின் இரைச்சலுக்கு நடுவே வாழும் நம்மில் எத்தனை பேர் அந்த ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, மீன் வாங்குவதைத் தவிர வேறெதையேனும் காட்டியிருக்கிறோம்? இத்தாலிப் பயணத்திற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சிறுவனையும் அவன் உடன்பிறந்தோரையும் நாம் அங்கே அழைத்துச் சென்றோம்.

பழவேற்காடு விசயநகரப் பேரரசின் சிறந்த துறைமுகங்களுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடற்கரைகளைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, அங்கே முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் வாழ்ந்ததைக் குறிப்பிடுகிறார். பெகு நாட்டின் மாணிக்கமும் கஸ்தூரியும் வந்திறங்கின. சாயவேரின் செந்நிறம் ஏறிய துணிகள் மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் சென்றன. கடல் வழி வந்த அரபு வணிகரைத் தம் முன்னோராகக் கூறும் வாய்மரபு இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களிடையே இன்றும் உண்டு. பின்னாளில் கட்டமிட்ட வண்ணக் கைக்குட்டை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் இவ்வூர்ப் பெயரே வழங்கலாயிற்று.

போர்த்துகீசியர் இங்கே வந்து தங்கினர். மகிமை மாதா ஆலயம் 1515இல் தோன்றியதென்று மரபு கூறும். இன்று நாம் காண்பது புதிய கட்டடம். மசாலைத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால் அங்குள்ளோர் விரும்பிய சோழமண்டலத் துணியைக் கொடுத்தாக வேண்டும் என்பதை உணர்ந்த ஒல்லாந்தர், அத்துணியைத் தேடி வந்தனர். விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் 1610இல் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துகீசியர் அதைத் தாக்கவே, 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை அதுவே சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம். அதன் பின் அப்பெருமை நாகப்பட்டினத்திற்குச் சென்றது. ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் 1824இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, மறு ஆண்டில் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதரும் சிதைந்த செங்கல்லுமே எஞ்சியுள்ளன.

கல்லில் ஒரு பாடம்

கோட்டை அழிந்தாலும் கல்லறைத் தோட்டம் நிலைத்திருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அவ்விடத்தில் 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்தக் கல்லறைகள் உள்ளன. புடைத்து நிற்கும் உரோமானிய எழுத்துகள், குடும்பச் சின்னம் பொறித்த கேடயங்கள், வளைவுகள், குவிமாடங்கள், உயர்ந்த கூம்புத் தூண்கள் ஆகியவை இத்தாலியில் பிறந்து, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, ஒல்லாந்தில் வேரூன்றிய கலைமொழியின் எச்சங்கள். நூல்கள் வரையறுக்கும் மறுமலர்ச்சிக் காலத்திற்கு இவை சற்றுப் பிந்தியவை என்பதையும் குழந்தைகளிடம் சொல்லியே காட்டினோம். ஒரு கலைமொழி பிறந்த ஊரில் மாறிய பின்னும், கடல் கடந்த ஊரில் நெடுங்காலம் பேசப்படுவதுண்டு.

நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே மணற்கடிகையையும் மண்டையோட்டையும் கண்ட சிறுமி ஒருத்தி அஞ்சி நம் கையைப் பற்றிக்கொண்டாள். "காலம் ஒழுகிக்கொண்டிருக்கிறது, நீயும் இறப்பாய் என்று பார்ப்பவருக்குச் சொல்கிறார்கள், அம்மா" என்றோம். கப்றுகளைச் சந்திப்பது மறுமையை நினைவூட்டும் என்ற நபிமொழிக் கருத்தை மத்ரஸாவில் பயின்றிருந்த அவள் சற்று நேரம் எண்ணிவிட்டு, "நம்மைப் போலத்தானே சொல்கிறார்கள், ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்?" என்று கேட்டாள். ஒரே உண்மையை இரு சமுதாயங்கள் இரு வகையாகச் சொல்வதை, ஓவிய அரங்கு எதற்கும் செல்லாமலே அக்குழந்தை உணர்ந்துகொண்டது. உருவங்கள் நிறைந்த கலையை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று தயங்கும் பெற்றோர் உண்டு. அத்தயக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், காண்பதும் வணங்குவதும் வெவ்வேறு. தம் நெறியைத் தெளிவாக அறிந்த பிள்ளை பிறர் கலையைக் கண்டு தன்னை இழப்பதில்லை என்பது அன்று நமக்குத் தெளிவாயிற்று.

மீள்கையில், பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய அமைக்கப்பட்ட சூரியக் கடிகாரத்தைக் காட்டினோம். கல்லறை வாயிலின் மணற்கடிகை வாழ்நாளின் முடிவைச் சொல்கிறது. பள்ளிவாசலின் நிழற்கடிகை அந்த வாழ்நாளுக்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. நம் முன்னோர் போற்றிய வானியலின் எளிய கிளையொன்றை ஊர்ப் பள்ளிவாசலிலேயே குழந்தைகள் தொட்டுப் பார்த்தனர்.

மறைக்கக் கூடாத பக்கம்

வரலாற்றின் இனிய பகுதியை மட்டும் காட்டுவது வழிகாட்டியின் கடமையாகாது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த நம் நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டு, ஒல்லாந்தக் கப்பல்களில் பட்டாவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் எதுவும் அங்கே இல்லை. அடிமை வணிகத்தில் நம் கடற்கரை வணிகரோ, பிற முஸ்லிம் நாடுகளோ கறைபடாதிருந்ததாகவும் நாம் சொல்ல முடியாது. அழகிய கல்லறையின் முன் நின்று இதையும் சொன்னபோது பிள்ளைகள் மௌனமாயினர்.

எனினும், அதே கோட்டையின் நிழலில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் சமயப் பணியாற்றிய ஆபிரகாம் ரோஜெரியுஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து இந்நாட்டுச் சமய வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1651இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியைக் கண்டது அந்நூலில்தான். ஒல்லாந்த வணிகத் தொடர்பால் முகலாயச் சிற்றோவியங்கள் ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தன. ரெம்பிராண்ட் 1656க்குப் பிந்திய சில ஆண்டுகளில், ஜஹாங்கீர், ஷாஜஹான் முதலியோரின் உருவங்களைப் பார்த்து ஏறத்தாழ இரண்டு டஜன் படங்கள் வரைந்தார். ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியருள் ஒருவர், தாமே முதியவராகி வரும் காலத்தில், பெயரறியாத நம் நாட்டு ஓவியர்களிடம் மாணவரைப் போல அமர்ந்து பார்த்தெழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது.

அச்சுக்கலையின் பயணமும் இவ்வாறே. அரபு எழுத்தில் முழுக் குர்ஆன் முதன்முதலில் அச்சானது 1537ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெனிஸ் நகரிலேதான். ஒரு தலைமுறை கழித்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இன்று நாம் கையில் வைத்திருக்கும் தமிழ் இதழ் ஒவ்வொன்றும் அந்த மறுமலர்ச்சியின் ஒரு துளியை ஏந்தியே வருகிறது.

ஆகவே பெற்றோருக்கு நம் வேண்டுகோள் இதுதான். வசதியுள்ளோர் பிளாரன்ஸுக்குச் செல்லுங்கள். ஒளிவட்டத்தில் ஓடும் எழுத்துக் கோலத்தையும், ரஃபேலின் தலைப்பாகை மனிதரையும் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு நாள் பழவேற்காட்டிற்குச் செல்லுங்கள். வசதியில்லாதோர் பழவேற்காட்டிற்கேனும் செல்லுங்கள். ஊர் ஜமாஅத்துகளும் நம் பள்ளிகளும் ஆண்டுக்கு ஒரு முறை, விவரமறிந்த ஒருவரின் துணையோடு பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது பெரிய செலவன்று.

திரும்பும் வழியில், வினா எழுப்பிய சிறுவன் வண்டியின் சன்னலோரம் நெடுநேரம் பேசாதிருந்தான். பொன்னேரியைக் கடந்தபின், "அந்தக் கதையில் வாங்கியவர்களும் கொடுத்தவர்களும்தான் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரியத்தா. விற்கப்பட்டவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை" என்றான். நாம் தேடிய விடையைவிட அவன் கண்டடைந்தது பெரிதாக இருந்தது. அவ்விடையோடு அவன் பிளாரன்ஸுக்குச் செல்லட்டும்.