மேனேஜர் சொல்வதா, கம்பெனி விதியா? லோரி டெப்போ தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றி, பண்டமாரான் முதல் பூலாவ் இண்டா வரை கொள்கலன் டெப்போக்களும் லோரி யார்டுகளும் நிறைந்திருக்கின்றன. ஓட்டுநர்களாகவும் கிடங்குத் தொழிலாளர்களாகவும் நம்மவர்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்குக் கிள்ளானில் ஒரு டெப்போ, பட்டர்வொர்த்தில் ஒன்று, பாசிர் கூடாங்கில் ஒன்று என்று இருக்கும். விதிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் யாருக்கு எந்த டிரிப், யாருக்கு விடுப்பு, யார்மீது நடவடிக்கை என்பதை அன்றாடம் முடிவு செய்பவர் அந்தந்த டெப்போ மேனேஜர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பெனியின் உத்தரவு எங்கிருந்து வந்தாலும், காலைப் பெரட்டில் யாருக்கு எந்த வேலை என்று சொன்னவர்கள் கிராணியும் தண்டலும்தான். நல்லவர் அமைந்தால் பிழைப்பு ஓடும். அமையாவிட்டால் கேள்வி கேட்க இடமிருக்காது. இன்று கேட்க இடம் இருக்கிறது. எதைக் கேட்பது, எங்கே கேட்பது என்பதுதான் தெரிய வேண்டும்.

சட்டம்தான் அடித்தளம்

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கம்பெனி விதிக்கும் மேனேஜர் சொல்லுக்கும் மேலானது. சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த விதி செல்லாது. கூடுதலாகத் தந்தால் அது செல்லும்.

2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 45 மணி. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் 30 நிமிட ஓய்வு தர வேண்டும். மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். மாதத்துக்கு மிகைநேர உச்சவரம்பு 104 மணி. அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்குப் பொதுவாக மிகைநேர உரிமை இல்லை என்றாலும், வணிக வாகனம் ஓட்டுவோருக்கு அந்த வரம்பு பொருந்தாது. "டிரிப் காசு கொடுக்கிறோமே, ஓவர்டைம் எதற்கு?" என்று மேனேஜர் சொன்னால், அதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சம்பளப் பிடித்தமும் அப்படித்தான். எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. வெடித்த டயருக்கும் தாமதமான கொள்கலனுக்கும் மேனேஜர் தாமாகவே அபராதம் போட்டுச் சம்பளத்தில் கழிக்க அதில் இடமில்லை.

தீபாவளி, தைப்பூச விடுப்பு

சட்டப்படி ஆண்டுக்குச் சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறை 11 நாள். தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம் ஆகிய 5 நாளும் கட்டாயம். மீதி 6 நாளை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறப்பதற்கு முன்பே வேலையிடத்தில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் தைப்பூசம் இருக்கிறதா என்று டிசம்பரிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், இரு தரப்பும் சம்மதித்து வேறொரு விடுமுறைக்குப் பதிலாக மாற்றிக்கொள்ள வழியுண்டு. விடுமுறை நாளில் வேலை செய்தால், அந்த நாளின் சம்பளத்தோடு கூடுதலாக 2 நாள் சம்பளம் சேர வேண்டும்.

மேனேஜரின் விருப்புரிமை இங்கே உதவவும் செய்யும். பத்துமலைக்குக் காவடி எடுப்பவரின் டிரிப்பை இன்னொருவருக்கு மாற்றிவிடத் தலைமையகத்துக்குத் தெரியாது, டெப்போவில் இருப்பவருக்குத் தெரியும். ஆனால் வாய்வார்த்தையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் தொடர்ந்து 2 வேலைநாளுக்கு மேல் வராதவர், தக்க காரணமும் இல்லாமல் தகவலும் சொல்லாமல் இருந்தால், ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். "போய்ட்டு வாப்பா" என்று சொன்ன மேனேஜர் மாற்றலாகிப் போனபின், தலைமையகத்தின் பதிவேட்டில் இருப்பது வராத நாள் கணக்கு மட்டும்தான். ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கையில் இருக்கட்டும்.

பாதுகாப்பில் சலுகை வேண்டாம்

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி, கலகத் தடுப்புப் போலீஸ் வாகனத்தோடு மோதியதில் 9 போலீசார் உயிரிழந்தனர். அதன்பின் நடவடிக்கை ஓட்டுநரோடு நிற்கவில்லை, லோரி நிறுவனத்தின் உரிமமும் முடக்கப்பட்டது. கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாகி வருகிறது.

பிரேக் சரியில்லாத லோரியை "இன்று ஒரு நாள் மட்டும்" என்று எடுக்கச் சொன்னால் என்ன செய்வது? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

ஒரே விதி எப்படி வந்தது?

அமெரிக்காவில் ஒரு காலத்தில் லோரி ஓட்டுநரின் கூலியும் நிபந்தனையும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 1964இல் ஜிம்மி ஹாஃபா தலைமையிலான டீம்ஸ்டர்ஸ் சங்கம் நாடு முழுமைக்கும் ஒரே ஒப்பந்தம் கண்டது. வட்டாரத் தேவைகளுக்குத் துணை ஒப்பந்தங்களும் அதோடு இணைந்தன. பொது விதி, அதற்குள் வட்டார இடம், இரண்டும் எழுத்தில் இருந்தன. நம் நாட்டிலும் தொழிற்சங்கம் செய்யும் கூட்டு ஒப்பந்தம், தொழில்துறை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபின் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். குறைந்தது 3 ஆண்டு நடப்பில் இருக்கும்.

நடவடிக்கை எடுத்தால்

ஒழுங்கீனம் என்று குற்றஞ்சாட்டி வேலைநீக்கம் செய்வதற்கு முன் உரிய விசாரணை வேண்டும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் 2 வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அதுவரை பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றம் இல்லையென்றால் பிடித்து வைத்த மீதியும் திரும்ப வேண்டும். முதலாளி சொன்ன காரணம் உண்மையில் நிரூபிக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்பது, 1981ஆம் ஆண்டு கூன் குவீ போய் வழக்கிலிருந்து நிலைத்துவரும் கொள்கை. அதே தவற்றை மற்றவர்கள் செய்தபோது டெப்போவில் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், அதையும் சான்றோடு எடுத்துச் சொல்லலாம்.

சம்பளம், மிகைநேரம், விடுமுறைப் புகார்களுக்குத் தொழிலாளர் இலாகா. வேலைநீக்கத்துக்குத் தொழில் உறவு இலாகா. வேலைநீக்கம் நடந்த 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். "மேலே பேசிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறு" என்று மேனேஜர் சொன்னாலும் அந்த 60 நாள் காத்திருக்காது. சம்பளச் சீட்டு, டிரிப் தாள், விடுப்புக் கடிதம், கைப்பேசிச் செய்திகள் எல்லாவற்றையும் வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருங்கள்.