சிஎஸ்எஸ்-இன்-ஜேஎஸ் நூலகங்களும் அவற்றின் ஆவண நீக்கமும்

சிஎஸ்எஸ்-இன்-ஜேஎஸ் என்பது வலைப்பக்கத்தின் நிறம், எழுத்துரு, இடைவெளி முதலான தோற்ற விதிகளைத் தனிக் கோப்பில் எழுதாமல், பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள்ளேயே எழுதும் முறை. இதற்கென 2014 முதல் பல திறமூல நூலகங்கள் தோன்றின. அவற்றுள் சில பின்னர் பராமரிப்பாரின்றி நின்றன. அப்படி நின்றவற்றையும், காலத்துக்கு ஒவ்வாதவை என முடிவானவற்றையும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற சட்டகங்களும் மெட்டீரியல் யூஐ போன்ற கூறுத் தொகுப்புகளும் தம் ஆவணங்களிலிருந்து படிப்படியாக விலக்கின.

முன்வரலாறு

அடுக்கு நடைதாள் (சிஎஸ்எஸ்) என்ற எண்ணத்தை ஹோக்கன் வியூம் லீ 1994 அக்டோபர் 10 அன்று முன்வைத்தார். அப்போது அவர் செர்ன் ஆய்வகத்தில் இருந்தார். பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்துகொள்ள, சிஎஸ்எஸ் முதல் நிலை 1996 டிசம்பரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது.

அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஜேஎஸ்எஸ்எஸ் என்ற போட்டி முறையை டபிள்யூ3சியிடம் அளித்தது. தோற்ற விதிகளை ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளாகவே எழுதுவது அதன் அடிப்படை. 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4 தவிர வேறெந்த உலாவியும் அதை ஏற்கவில்லை. அந்த உலாவி சிஎஸ்எஸ்ஸையும் உள்ளுக்குள் ஜேஎஸ்எஸ்எஸ்ஸாக மாற்றியே இயக்கியது. எனவே பயனர் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினால் பக்கத்தின் அலங்காரமும் சேர்ந்து போய்விடும். கெக்கோ என்ற உலாவிப் பொறியில் அமைந்த நெட்ஸ்கேப் 6 (2000) ஜேஎஸ்எஸ்எஸ்ஸைக் கைவிட்டது. நடைதாளும் நிரலும் தனித்தனியே இருக்க வேண்டும் என்ற கொள்கை அதன்பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அசையாமல் நின்றது.

அதை அசைத்தது ரியாக்ட். ஃபேஸ்புக் 2013 மே மாதத்தில் திறமூலமாக்கிய இந்த நூலகம், பக்கத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் கட்டமைப்பையும் செயலையும் ஒரே கோப்பில் வைத்தது. தோற்றம் மட்டும் வெளியே நின்றது. 2014 நவம்பரில் ஃபேஸ்புக் பொறியாளர் கிறிஸ்டோபர் ஷெடோ ஆற்றிய உரை இந்த இடைவெளியைத் தொட்டது. பெரிய நிறுவனத்தில் சிஎஸ்எஸ் எழுதும்போது வரும் ஏழு சிக்கல்களை அவர் பட்டியலிட்டார். எல்லாப் பெயர்களும் பொதுவெளியில் மோதுவது, எந்த விதி எதைச் சார்ந்தது எனத் தெரியாமை, பயனற்ற விதிகளை நீக்க அஞ்சுவது, கோப்புகள் வந்துசேரும் வரிசைக்கேற்ப விளைவு மாறுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. விதிகளை ஜாவாஸ்கிரிப்டுக்குள் கொண்டுவந்தால் இவை தாமே தீரும் என்பது அவர் வாதம்.

அடுத்த மூன்றாண்டுகளில் நூலகங்கள் பெருகின. ஓலெக் இசோனெனின் ஜேஎஸ்எஸ், ஃபார்மிடபிள் நிறுவனத்தின் ரேடியம், கான் அகாடமியின் அஃப்ரொடைட்டி, சுனில் பையின் கிளாமர், கிளென் மேடர்னும் மாக்ஸ் ஷ்டாய்பரும் 2016 அக்டோபரில் வெளியிட்ட ஸ்டைல்டு-காம்பொனன்ட்ஸ், 2017இல் வந்த எமோஷன் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

வகைப்பாடு

இந்நூலகங்களை விதி எப்போது, எங்கே உருவாகிறது என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. உள்வரி வகை: விதியை நேராக உறுப்பின் ஸ்டைல் பண்பில் எழுதுவது. சுட்டி மேலே வரும் நிலை, திரை அகலத்துக்கேற்ற மாற்றம் ஆகியவற்றை உள்வரி விதியால் சொல்ல முடியாது. ரேடியம் இவற்றை ஜாவாஸ்கிரிப்ட் நிகழ்வுகளால் ஈடுகட்டியது.

2. இயக்கநேர வகை: பக்கம் ஓடும்போது விதிகளைக் கணித்து, தனித்த வகுப்புப் பெயர் உண்டாக்கி, ஸ்டைல் உறுப்புக்குள் செருகுவது. ஜேஎஸ்எஸ், அஃப்ரொடைட்டி, கிளாமர், ஸ்டைல்டு-காம்பொனன்ட்ஸ், எமோஷன் ஆகியவை இதில் அடங்கும்.

3. தொகுப்புநேர வகை: எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில், தொகுக்கும்போதே சாதாரண சிஎஸ்எஸ் கோப்பாகிவிடும். லினேரியா, வெனிலா-எக்ஸ்ட்ராக்ட், மெட்டா நிறுவனம் 2023 டிசம்பரில் திறமூலமாக்கிய ஸ்டைல்எக்ஸ் ஆகியவை இவ்வகை.

வெர்செல் நிறுவனத்தின் ஸ்டைல்டு-ஜேஎஸ்எக்ஸ் இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு இடைப்பட்டது.

நலிவு

இயக்கநேர வகையே பெரிதும் பரவியது, நலிந்ததும் அதுவே. 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18, வரைதலை இடையில் நிறுத்தித் தொடரும் ஆற்றல் பெற்றது. வரையும் நடுவே விதிகளைச் செருகினால் உலாவி எல்லா உறுப்புகளுக்கும் விதிகளை மீண்டும் கணிக்க நேரும். இந்நூலகங்களுக்காகவே ரியாக்ட் குழு தனிக் கொக்கி ஒன்றைத் தந்தது. ஆயினும் இயக்கநேரச் செருகலை அக்குழு பரிந்துரைக்கவில்லை. 2022 அக்டோபரில் எமோஷன் பராமரிப்பாளர்களுள் ஒருவரான சாம் மகுரா தம் நிறுவனச் செயலியின் ஒரு கூறை வரைய ஆகும் நேரத்தை அளந்து காட்டினார்: எமோஷனுடன் 54.3 மில்லிவினாடி, தொகுக்கும்போதே சிஎஸ்எஸ் ஆகிவிடும் சாஸ் மாட்யூல்களுடன் 27.7 மில்லிவினாடி.

ஆவண நீக்கம்

நூலகத்தின் பராமரிப்பு நிற்பதும் ஆவணத்திலிருந்து அது மறைவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆவணத்தில் ஒரு பெயர் இருந்தாலே புதிதாக வருபவர் அதைப் பரிந்துரையாகக் கொள்கிறார். மறுபுறம், பழைய செயலியை வைத்திருப்பவருக்கு அந்தப் பக்கமே வழிகாட்டி. இவ்விரு தரப்புக்கும் நடுவே நீக்கத்துக்கு வெவ்வேறு வழிகள் உருவாயின.

மிகப் பழைய எடுத்துக்காட்டு நெக்ஸ்ட்.ஜேஎஸ். 2016 அக்டோபரில் வந்த அதன் முதல் பதிப்பு கிளாமரைத் தன்னுள் பொதித்து, தனக்கே உரிய ஒரு பெயரில் வழங்கியது. 2017இல் வந்த இரண்டாம் பதிப்பு அவ்விடத்தில் ஸ்டைல்டு-ஜேஎஸ்எக்ஸை அமர்த்தியது. பழைய பெயரை இறக்குமதி செய்தால், அது நீக்கப்பட்டதெனச் சொல்லி இடமாற்ற வழிகாட்டிக்கு அனுப்பும் பிழைச்செய்தி வரும். ஆவணத்தைத் திறக்காதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. இங்கே சட்டகம் தன் வழியை மாற்றிக்கொண்ட பிறகே கிளாமரின் வளர்ச்சி நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

மெட்டீரியல் யூஐ மெதுவான வழியைத் தேர்ந்தது. நான்காம் பதிப்பு வரை அதன் அடித்தளம் ஜேஎஸ்எஸ். 2021 செப்டம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு எமோஷனுக்கு மாறியது. ஜேஎஸ்எஸ் சார்ந்த பகுதி தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டது. அதன் ஆவணப் பக்கம் 'பழையது' என்ற அடையாளத்துடன், ரியாக்ட் 18க்குப் பொருந்தாது என்ற எச்சரிக்கையைத் தாங்கி நீடித்தது. நிரலைத் தானே மாற்றியெழுதும் கருவிகளும் உடன் தரப்பட்டன. மூன்று நிலைகளில் முதலில் எச்சரிக்கை, பிறகு ஒதுக்கிடம், கடைசியில் நீக்கம் என்ற இம்முறையே பொறுப்பானது.

ஸ்டிட்சஸ் என்ற மற்றொரு சிஎஸ்எஸ்-இன்-ஜேஎஸ் நூலகத்தில் அறிவிப்பு நூலகத்தின் பக்கமிருந்தே வந்தது. ரியாக்ட் உலகின் மாற்றங்களால் அது இனி பராமரிக்கப்படாது என்றும், மாற்று வழிகளைப் பார்க்குமாறும் அதன் முகப்புக் குறிப்பே கூறியது. இத்தகைய தெளிவான அறிவிப்பு இருக்கும்போது ஆவணம் எழுதுவோர் பணி எளிது. அறிவிப்பின்றி அடங்கிப்போகும் நூலகங்களில், கடைசிப் பதிப்பு வெளியான நாள், விடையின்றிக் கிடக்கும் புகார்கள், சட்டகத்தின் புதிய பதிப்புடன் இயங்குகிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

இன்றைய நிலை

2025 மார்ச்சில் ஸ்டைல்டு-காம்பொனன்ட்ஸ் பராமரிப்பு மட்டும் செய்யப்படும் நிலைக்கு மாறியதாக அறிவித்தது. நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஆவணம், சிஎஸ்எஸ்-இன்-ஜேஎஸ் அல்லாத முறைகளான டெயில்விண்ட், சிஎஸ்எஸ் மாட்யூல்கள் ஆகியவற்றை முன்னிறுத்துகிறது. சிஎஸ்எஸ்-இன்-ஜேஎஸ்ஸுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு.