மறைப்பணி நாடியது யாரை? - மதுரையில் எழுந்த ஒரு வினா

1606ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இத்தாலிய இயேசு சபைத் துறவியாகிய இராபர்ட்டு தெ நோபிலி மதுரை நகருக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே கிறித்தவக் குரு ஒருவர் பதினோராண்டுகளாகப் பணிபுரிந்துகொண்டிருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் பெயருடைய அப்போர்த்துக்கேயர், துறவு பூணுமுன் படைவீரராக இருந்தவர். கோயில் ஒன்றும் பள்ளி ஒன்றும் சிறியதொரு மருத்துவமனையும் அவர் பொறுப்பில் இருந்தன. முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய பரதவரும் நகரில் இருந்த சில போர்த்துக்கேயருமே அவருடைய மந்தை. மதுரை மக்கள் அவரிடம் மருந்து பெற்றனர். பிள்ளைகளைப் படிக்க அனுப்பினர். அவர் சமயத்தில் சேர மட்டும் முன்வரவில்லை.

இதற்குக் காரணம் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கடற்கரைப் பரதவர் 1535ஆம் ஆண்டை ஒட்டித் திருமுழுக்குப் பெற்றபோது அவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பையும் சேர்த்தே பெற்றனர். 1542இல் பிரான்சிஸ்கு சவேரியார் வந்து கற்பித்ததும் அம்மக்களுக்கே. ஆகவே உள்நாட்டார் கண்ணில் கிறித்தவம் என்பது கடலோரத்தாருக்கும் பறங்கியருக்கும் உரிய நெறியாகவே தோன்றிற்று. மாட்டிறைச்சியும் மதுவும் கொள்பவர், நீராடும் ஒழுங்கறியாதவர் என்று பறங்கியரைப் பற்றி இங்கிருந்த கருத்து இகழ்ச்சி மிக்கது. அவ்வாறிருக்க, கிறித்தவ சமயத்தையே 'பறங்கி மார்க்கம்' எனச் சுட்டும் வழக்கம் மறைப்பணியாளரிடையேயும் நிலவியதுதான் வியப்பு.

நோபிலி இந்நிலையைக் கண்டு வேறொரு முடிவுக்கு வந்தார். தாம் பறங்கியர் அல்லர், உரோமாபுரியில் உயர்குடிப் பிறந்த துறவி என அறிவித்தார். காவியுடுத்து, புலால் நீக்கி, பிராமணச் சமையலாளர் ஆக்கிய உணவை ஒருவேளை உண்டு, பெர்னாண்டஸின் இல்லத்தை விட்டுத் தனியே வாழத் தலைப்பட்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதருமர் என்ற பிராமணரிடம் வடமொழி பயின்றார். கற்றோரும் உயர்குலத்தோரும் முதலில் வரவேண்டும். அவர்கள் வந்தால் ஏனையோர் பின்வருவர். தாழ்த்தப்பட்டோருடன் தாம் வெளிப்படையாகப் பழகினால் உயர்ந்தோர் வீட்டுக் கதவு ஒருநாளும் திறவாது என்பது அவர் கணிப்பு. அவ்வழியில் முதலில் வந்தவர், பெர்னாண்டஸின் பள்ளியில் கற்பித்துவந்த ஆசிரியரே. இருபது நாள் சொற்போருக்குப் பின்னரே அவர் இசைந்தார்.

பெர்னாண்டஸின் மனக்குமுறலை இன்று எளிதாக நகையாடிவிடலாம். ஆயினும் அவர் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. ஒரே சபையைச் சார்ந்த இரு குருக்கள், ஒரே ஊரில், ஒருவரோடொருவர் கூடி உண்ணாமலும் ஒரே கோயிலில் பூசை செய்யாமலும் வாழ்ந்தால், பரதவக் கிறித்தவன் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்? 1610இல் அவர் அனுப்பிய முறையீடு உரோமாபுரி வரை சென்றது. 1619இல் கோவாவில் கூடிய பேரவை பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் பற்றி நோபிலியை வினவியது. (இம்முறையீட்டாளரே 1616இல் பிராமணச் சடங்குகளைப் பற்றி விரிவானதொரு நூலை எழுதி வைத்தார் என்பதையும் மறத்தலாகாது.)

1623 சனவரி 31ஆம் நாள் போப்பரசர் பதினைந்தாம் கிரகோரி வழங்கிய ஆணை நோபிலிக்குச் சார்பாக அமைந்தது. அவ்வடையாளங்களைச் சில கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது. ஆனால் அதே ஆணையின் இறுதியில், உயர்குலக் கிறித்தவர் தாழ்ந்த நிலையினரை, அதிலும் சிறப்பாகக் கோயிலில் இறைமொழி கேட்கும்போதும் அருட்சாதனம் பெறும்போதும், இகழ்ந்து ஒதுக்கலாகாது என்ற வேண்டுகோளும் இருந்தது. அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் ஏட்டில் நின்றது.

நோபிலியின் தமிழ்ப்பணியை எவரும் குறைத்துச் சொல்ல இயலாது. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம் முதலிய நூல்களால் தமிழ் உரைநடை சமயத் தத்துவத்தைத் தாங்கும் வலிமை பெற்றது. ஆனால் அவர் நாடியவர்கள் வந்த அளவினும் நாடாதவர்கள் வந்த அளவே மிகுதியாயிற்று. தாழ்த்தப்பட்ட குலத்தினர் தாமே குருக்களைத் தேடி வரத் தொடங்கினர். பிராமணச் சந்நியாசி வேடத்தில் அவர்களை ஏற்க இயலாத நிலையில், 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரக் கோலம் பூண்டார். இவ்வாறு பண்டாரசாமிகள் என்னும் தனி வரிசை உண்டாயிற்று. 1693இல் ஓரியூரில் உயிர் நீத்த அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோவும் இவ்வரிசையினரே. மதுரைத் தளத்தில் பின்னர்க் கிறித்தவம் பெருகியது பெரிதும் இவர்களால்தான்.

எனினும் வாயில் பற்றிய வினா தீரவில்லை. தெருவிலிருந்து வீட்டுக்கு நகர்ந்தது. சேரியில் ஒரு கிறித்தவன் இறக்கும் தறுவாயில் கிடக்கிறான். குரு அவன் குடிலுக்குள் நுழைந்து இறுதி அருட்சாதனம் வழங்கலாமா? நுழைந்தால் ஏனைய சாதியார் அவரை ஏற்க மாட்டார். ஆகவே நோயாளியை வெளியே, கோயிலுக்கோ பொதுவிடத்துக்கோ தூக்கி வரச் செய்யும் வழக்கம் இருந்தது. புதுச்சேரிக்கு வந்த போப்பரசரின் தூதர் தூர்னோன், 1704இல், குருக்கள் அவர்கள் இல்லத்துக்கே சென்று அருட்சாதனம் வழங்க வேண்டும் என ஆணையிட்டார். இயேசு சபையினர் நாற்பதாண்டுகள் வழக்காடினர். பூணூலையும் சந்தனத்தையும் குறித்து நடந்த வாதங்களை விட இந்த ஒரு விதியே அவர்களை மிகுதியாக அலைக்கழித்தது எனலாம். 1744இல் பதினான்காம் பெனடிக்டு அவ்விதியை உறுதிப்படுத்தி, தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். நோயாளி இனி வெளியே வரவேண்டியதில்லை. ஆனால் அவனுக்குரிய குருவே வேறாகிவிட்டார். திட்டமாகத் தொடங்கிய பிரிவினை நிறுவனமாயிற்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையே கோயிலுக்குள் நின்ற சுவரை 1910இல் குருக்கள் இடித்தபோது, அது நீதிமன்றம் வரை சென்றது.

சீர்திருத்தச் சபையினரும் இவ்வினாவினின்று தப்பவில்லை. 1707இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதன்முதல் திருமுழுக்களித்த ஐவர், ஐரோப்பியர் வீடுகளில் ஊழியம் செய்த அடிமைகள். நெல்லையிலோ 1797இல் டேவிட் சுந்தரானந்தம் தொடங்கிவைத்த இயக்கம் நாடார் ஊர்களில் பரவியது. இதற்கிடையே 1837இல் சென்னையில் பள்ளி நிறுவிய ஸ்காட்லாந்தியரான ஜான் ஆண்டர்சன், ஆங்கிலக் கல்வியால் உயர்குல இளைஞரை ஈர்க்க முனைந்தார். 1841இல் மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றதும் பள்ளி வெறிச்சோடியது. நோபிலியின் கணிப்பே, வடமொழிக்குப் பதில் ஆங்கிலத்தைக் கருவியாகக் கொண்டு மீண்டும் ஆராயப்பட்டது எனல் தகும்.

இவ்வரலாற்றின் எதிர்முனையை ஒரு தமிழரிடம் காண்கிறோம். நெல்லை மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் தம் ஊராரைக் கொண்டே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டுக்குப் பணியாளரை அனுப்பினார், தாமும் சென்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலை பெற்றார். அவர் மக்கள் மாலரும் மாதிகரும். நிலமற்ற அம்மக்கள் படித்தனர், கள்ளை விட்டனர், தங்களுக்குள் இருந்த பகையையும் ஓரளவு விட்டனர். இதனைத் தம் வயல்களிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சாதி இந்துக்களுள் பலர், 1920களிலும் 1930களிலும் அதே சபையைத் தேடி வந்தனர். கூலியாட்களின் வாழ்வில் கண்ட மாற்றமே தங்களை அழைத்ததென அவர்களுள் பலர் சொன்னார்கள். மதுரையில் மேலிருந்து கீழிறங்கும் என எதிர்பார்க்கப்பட்ட ஒன்று, தோர்ணக்கல் ஊர்களில் கீழிருந்து மேலேறி வந்தது.